அம்மாவின் முதுகில் வைத்த ராடு உடைந்துவிட்டது. உலோகம் எப்படி உடையும்?

மூத்தமகன் எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு 63 வயது. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்ததோடு முன்பக்கமும் சரிந்துபோய், பத்தடி நடப்பதற்குள் எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கவேண்டிய நிலை வந்த பிறகுதான் ஆபரேஷனுக்கே ஒத்துக்கொண்டார். அது முடிந்து 22 மாதம் ஆகிறது. டி10 எலும்பிலிருந்து (மார்புப் பகுதியின் பத்தாவது முள்ளெலும்பாம்) இடுப்பெலும்பு வரை இரண்டு பக்கமும் ஸ்க்ரூ, அவற்றை இணைத்து 5.5 மில்லிமீட்டர் டைட்டானியம் ராடு இரண்டு, எல்3 என்கிற, இடுப்புப் பகுதியின் மூன்றாவது முள்ளெலும்பில் ஆப்பு வடிவில் ஒரு துண்டை வெட்டியெடுத்து முதுகை நிமிர்த்தியிருக்கிறார்கள் (டிஸ்சார்ஜ் சம்மரியைப் பார்த்துத்தான் எழுதுகிறேன், எனக்கு இதெல்லாம் தெரியாது). நன்றாகத்தான் இருந்தார். யார் துணையும் இல்லாமல் நடந்தார்.

மூன்று வாரம் முன்பு கீழே விழுந்த மூக்குக்கண்ணாடியை எடுக்கக் குனிந்தபோது முதுகுக்குள் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டதாம். அன்று வலி பெரிதாக இல்லை. இரண்டு நாள் கழித்துத்தான் வலிக்க ஆரம்பித்தது. எக்ஸ்ரேயில் இடது ராடு எல்3 பக்கத்தில் இரண்டாக நிற்கிறது. வலது ராடு முழுசாக இருக்கிறது. டாக்டர் "சி.டி. எடுத்துட்டு வாங்க, பார்ப்போம்" என்றார், அதற்குமேல் கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை.

அப்பா போலி உலோகத்தை வைத்துவிட்டார்கள் என்று அடித்துச் சொல்கிறார். அம்மாவோ "நான்தான் குனிஞ்சு கெடுத்துக்கிட்டேன்" என்று சொல்லிச் சொல்லி இப்போது கட்டிலை விட்டு எழுந்திருக்கவே பயப்படுகிறார். எனக்குத் தெரியவேண்டியது இவ்வளவுதான்: ஒரு மூக்குக்கண்ணாடியை எடுக்கக் குனிந்தால் டைட்டானியம் உடையுமா? மற்ற ராடும் போய்விடுமா? மறுபடி ஆபரேஷன் என்றால் உடைந்த ஒன்றை மட்டும் மாற்ற முடியாதா?

—

தேய்மானம் எழுதியது:

நான் மருத்துவன் இல்லை. உடைந்த இயந்திர பாகங்களை வாங்கிவைத்து ஏன் உடைந்தது என்று பார்ப்பது என் வேலை. ஷாஃப்ட், ஸ்பிரிங், போல்ட், இந்த மாதிரி. ஆகவே உலோகத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன், மற்றதை டாக்டர்கள் யாராவது வந்து சொல்லட்டும்.

முதலில் அம்மாவிடம் போய்ச் சொல்லுங்கள், அவர் குனிந்ததால் அது உடையவில்லை. சைக்கிள் ஓட்டியிருப்பீர்கள் அல்லவா, சக்கரத்து ஸ்போக்ஸ் கம்பி எப்போது அறுந்தது என்று யோசித்துப் பாருங்கள். பெரிய பள்ளத்தில் இறங்கிய அன்று அறுந்திருக்காது. சமதரையில் சும்மா போய்க்கொண்டிருக்கும்போது 'டிங்' என்று போகும், அதுவும் பெரும்பாலும் ஹப்புக்குப் பக்கத்தில் கம்பியை வளைத்திருக்கும் அந்த முழங்கையில்தான் போகும். அதை உடைத்தது கடைசிச் சுற்று இல்லை, அதற்கு முந்தைய லட்சக்கணக்கான சுற்றுகள். இதற்கு ஃபெட்டீக் என்று பெயர், உலோகம் அலுத்துப்போவது. ஒரே தடவையில் உடைக்கத் தேவையான பாரத்தில் பாதிகூட வேண்டாம், அதைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் மேற்பரப்பில் எங்காவது ஒரு சின்னக் கீறலிலிருந்து விரிசல் கிளம்பி ஒவ்வொரு அசைவுக்கும் மயிரிழையில் பங்கு என்று உள்ளே போகும். மிச்சமிருக்கிற உலோகம் பாரம் தாங்காத அளவுக்குக் குறுகும் அன்றைக்கு 'டப்'. உங்கள் அம்மாவின் ராடு பல மாதமாகவே உடைந்துகொண்டிருந்தது. அன்று குனியாமல் இருந்திருந்தால் அடுத்த வாரம் நாற்காலியிலிருந்து எழும்போது போயிருக்கும்.

ஏன் அந்த இடத்தில்? இதுதான் எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் நீட்டுகிறேன். ராடு நேராக வரும். இடுப்புப் பகுதியில் முதுகு உள்வாங்கி இருக்கவேண்டும் என்பதால் ஆபரேஷன் மேசையிலேயே மூன்று உருளை வைத்த ஒரு கைக்கருவியால் அழுத்தி வளைப்பார்கள். ஆப்பு வெட்டிய இடத்தில் வளைவு சட்டென்று திரும்பும். அப்படி வளைக்கும்போது இரண்டு காரியம் நடக்கிறது. ஒன்று, உருளை அழுத்திய இடத்தில் தழும்பு விழும். டைட்டானியத்துக்குத் தழும்பு என்றால் ஆகாது, ஸ்டீலைவிட இந்த விஷயத்தில் ரொம்பவே தொட்டால்சிணுங்கி. இன்னொன்று கண்ணுக்குத் தெரியாதது. வளைத்துவிட்டுக் கையை எடுத்ததும் ராடு கொஞ்சம் திரும்பி விரியப் பார்க்கும், அந்த விரிதலில் வளைவின் உட்பக்கத்தில் ஓர் இழுவிசை நிரந்தரமாகத் தங்கிவிடும். இடுப்பில் அந்த உட்பக்கம் எது? முதுகுத் தோலைப் பார்த்த பக்கம். ஆள் முன்னால் சாயும்போதெல்லாம் எந்தப் பக்கம் இழுபடும்? அதே பக்கம். ஏற்கெனவே இழுபட்டு, தழும்பும் பட்டு உட்கார்ந்திருக்கிற ராடின் மேற்பரப்பில்தான் ஒவ்வொரு அடியும் விழுகிறது. விரிசலுக்கு இதைவிட வசதியான வீடு கிடையாது.

போலி உலோகம் என்ற சந்தேகத்துக்கு: உடைந்த முகத்தை மைக்ராஸ்கோப்பில் பார்க்காமல் நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் 22 மாதம் தாங்கி, சரியாக ஆப்பு வெட்டிய இடத்தில் உடைந்திருக்கிறது என்பதைக் கேட்டால் நல்ல உலோகம் நடந்துகொள்ளும் விதமாகத்தான் படுகிறது. இந்த ராடு-ஸ்க்ரூ அமைப்புகளைச் சோதிக்க ஏ.எஸ்.டி.எம். எஃப்1717 என்று ஒரு முறை இருக்கிறது. எலும்புக்குப் பதில் இரண்டு பாலிஎத்திலீன் கட்டை, நடுவில் வெற்றிடம், அதாவது ஒரு முள்ளெலும்பே இல்லாதது போல. 50 லட்சம் தடவை அழுத்தி எடுப்பார்கள். வினாடிக்கு 5 அழுத்து என்றால்கூடப் பதினோரு நாளுக்கு மேல் மெஷின் ஓடவேண்டும். மனிதன் நடக்கிற நடையில் ஒரு காலுக்கு வருஷத்துக்குச் சுமார் 10 லட்சம் அடி விழும் என்று பொதுவாகக் கணக்கு வைப்பார்கள், அதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அந்த மெஷினில் பெரும்பாலும் ஏற்றுவது நேரான ராடு. மேசையில் வளைத்துத் தழும்பு வாங்கிய ராடு இல்லை.

—

குட்டிச்சுவர் எழுதியது:

டைட்டானியம் வைத்தது தப்பு. கோபால்ட் குரோம் கேட்டிருக்கவேண்டும். டைட்டானியத்தைவிட இரண்டு மடங்கு விறைப்பு. அடுத்த தடவை 6.35 மில்லிமீட்டர் கோபால்ட் குரோம் போடச் சொல்லுங்கள், முடிந்தது கதை.

—

முதுகு டாக்டர் எழுதியது:

கதை அங்கே முடிவதில்லை, அங்கேதான் வேறொரு கதை ஆரம்பிக்கும். குட்டிச்சுவர் சொன்னதற்குக் கடைசியில் வருகிறேன்.

மூத்தமகன், நான் முதுகெலும்பு அறுவைசிகிச்சை செய்பவன். உங்கள் அம்மாவின் படத்தைப் பார்க்காமல் அவருக்கு இதுதான் என்று சொல்ல முடியாது, பொதுவாகச் சொல்கிறேன். முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். காலில் புதிதாகப் பலவீனம், சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போவது, தொடைகளுக்கு நடுவில் மரத்துப்போவது, காய்ச்சலோடு முதுகு வலி, பழைய காயத்தில் நீர் கசிவு, இதில் எது இருந்தாலும் சி.டி. தேதிக்குக் காத்திருக்காதீர்கள், அன்றே போங்கள். இவை இல்லையென்றால் உடைந்த ராடு பொதுவாக ராத்திரியோடு ராத்திரியாக ஓடவேண்டிய விஷயம் இல்லை.

நீங்கள் கேட்டது ராடு ஏன் உடைந்தது என்று. நாங்கள் கேட்கும் கேள்வி வேறு: எலும்பு கூடியதா? ராடும் ஸ்க்ரூவும் முதுகைக் காலத்துக்கும் தாங்குவதற்காக வைப்பவை இல்லை. முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே எலும்பாகும் வரை ஆடாமல் பிடித்துவைக்கும் சாரம் அவை. அதற்குப் பல மாதம், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் பிடிக்கும். எலும்பு கூடிவிட்டால் பாரம் அதன்மேல் போய்விடும், ராடு சும்மா கிடக்கும். கூடாவிட்டால் தேய்மானம் சார் சொன்ன அந்த அசைவு நிற்கவே நிற்காது, ராடு என்றாவது ஒருநாள் உடைந்தே தீரும். அதனால் ஒரு வருடம் தாண்டி உடைகிற ராடு என்றால், அந்த மட்டத்தில் எலும்பு கூடவில்லை என்ற சந்தேகம்தான் எங்களுக்கு முதலில் வரும். சி.டி. கேட்டது அதைப் பார்க்கத்தான். ஸ்க்ரூவைச் சுற்றிக் கறுப்பு வளையம் தெரிகிறதா என்றும் அதிலேயே பார்ப்போம், தெரிந்தால் ஸ்க்ரூ எலும்புக்குள் ஆடுகிறது என்று அர்த்தம்.

இது அபூர்வமும் இல்லை. பெரியவர்களுக்குச் செய்த இந்த வகை ஆபரேஷன்களில் 442 பேரைப் பார்த்து 2012 இல் வெளிவந்த ஓர் ஆய்வில் தொந்தரவு தரும் அளவுக்கு ராடு உடைந்தவர்கள் 6.8 சதவீதம். உங்கள் அம்மாவுக்குச் செய்தது போல ஆப்பு வெட்டியவர்களை மட்டும் எடுத்தால் 15.8 சதவீதம். ஆறு பேரில் ஒருவர். ஆபரேஷனுக்கு முன்பே இதை உங்களிடம் உட்காரவைத்துச் சொல்லியிருக்கவேண்டும். சொன்னார்களோ இல்லையோ, சொன்னாலும் அந்த நேரத்தில் யாருக்கும் மண்டையில் ஏறுவதில்லை என்பது வேறு விஷயம்.

சி.டி.யோடு சேர்த்துத் தலை முதல் இடுப்பு மூட்டு வரை விழுகிற மாதிரி நின்ற நிலையில் ஒரு முழு எக்ஸ்ரே எடுத்து, ஆபரேஷன் முடிந்தவுடன் எடுத்ததோடு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முதுகு நிமிர்ந்த அளவு அப்படியே இருக்கிறதா, மறுபடி முன்னால் சரிகிறதா என்பது மிக முக்கியம். எலும்பு கூடாததற்குக் காரணமும் தேடவேண்டும். எலும்பு அடர்த்தி, வைட்டமின் டி, புகை, சர்க்கரை, ஸ்டீராய்டு மாத்திரை, அப்புறம் உள்ளே சத்தமில்லாமல் குடியிருக்கும் கிருமி. சில கிருமிகள் காய்ச்சலே காட்டாமல் ஒன்றிரண்டு வருடம் உலோகத்தின்மேல் உட்கார்ந்திருக்கும், ரத்தப் பரிசோதனைகூடச் சாதாரணமாக வரலாம்.

மற்ற ராடு? இதுவரை இரண்டும் பங்கு போட்ட பாரத்தை இனி அது தனியாகச் சுமக்கிறது. எலும்பு கூடவில்லையென்றால் அதற்கும் நாள் எண்ணப்படுகிறது. எலும்பு கூடியிருந்து, வலி அடங்கி, முதுகும் சரியாமல் இருந்தால் ஒன்றும் செய்யாமல் சில மாதத்துக்கு ஒருமுறை படம் எடுத்துப் பார்ப்பதும் முறையான சிகிச்சைதான். இல்லை, மறுபடி திறக்கவேண்டும் என்றால் உடைந்ததை மட்டும் மாற்றுவது வீண். கூடாத இடத்தைச் சுரண்டிப் புது எலும்பு வைக்கவேண்டும், தேவைப்பட்டால் வட்டு இருக்கும் இடத்தில் முன்பக்கமாக ஒரு கேஜ் (கூண்டு மாதிரி ஒரு தாங்குதுண்டு) வைத்துத் தாங்கவேண்டும், ஆப்பு வெட்டிய இடத்தைத் தாண்டி இரண்டுக்குப் பதில் மூன்றோ நாலோ ராடு போடவேண்டும். நாலு ராடு போட்டவர்களிடம் உடைவது குறைகிறது என்று ஆய்வுகளும் சொல்கின்றன, என் அனுபவமும் அப்படித்தான்.

குட்டிச்சுவருக்கு: விறைப்பைக் கூட்டினால் பாரம் மறைந்துபோவதில்லை, அடுத்த பலவீனமான இடத்துக்குக் குடிபெயரும். எலும்பு தேய்ந்தவருக்கு இரும்புத்தூண் மாதிரி ராடு வைத்தால் ராடு உடையாது, ஸ்க்ரூ பிடுங்கிக்கொண்டு வரும். அல்லது ராடு முடிகிற இடத்துக்கு மேலே இருக்கிற முள்ளெலும்பு நசுங்கி முதுகு அங்கே கூன் போடும். இந்த இரண்டாவதைப் பார்த்துத்தான் எங்களில் பலருக்குத் தூக்கம் கெடுகிறது, உடைந்த ராடைப் பார்த்து இல்லை.

—

குட்டிச்சுவர் எழுதியது:

சரி டாக்டர், ஆனால் தடிமன்? அதைக் கூட்டுவதில் என்ன தப்பு?

—

தேய்மானம் எழுதியது:

தப்பு என்று அவர் சொல்லவில்லையே. கணக்கு இதுதான்: ராடின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும், மேற்பரப்பில் வரும் தகைவு (உலோகத்தின் ஒவ்வொரு சிறு பரப்பிலும் விழும் விசை) மூன்றாம் அடுக்கில் இறங்கும். 5.5 இலிருந்து 6.35க்குப் போனால் விறைப்பு முக்கால் பங்குக்கும் மேல் கூடும், அதே வளைவிசைக்குத் தகைவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும். ஃபெட்டீக்கில் தகைவு கொஞ்சம் குறைந்தாலே ஆயுள் பல மடங்கு நீளும், ஆகவே நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. முதல் தடவையே 6 போட்டிருக்கலாமே என்று எனக்கும் தோன்றுகிறது, டாக்டர் கோபித்துக்கொள்ளக்கூடாது. ஆனால் எத்தனை தடிமனாக இருந்தாலும் எலும்பு கூடாவிட்டால் தேதி தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

—

முதுகு டாக்டர் எழுதியது:

கோபம் இல்லை. எந்த அளவு ராடு என்பது ஸ்க்ரூ எந்தக் கம்பெனி அமைப்பு, எலும்பு எப்படி, தோலுக்கடியில் சதை எவ்வளவு என்று பலதைப் பார்த்து முடிவு செய்வது. மெலிந்த உடம்பில் தடித்த உலோகம் தோலை முட்டிக்கொண்டு நிற்கும், நோயாளி சாய்ந்து உட்காரவே முடியாது. அதெல்லாம் மெஷினில் தெரியாது சார்.

—

ஹாரிங்டன்காரி எழுதியது:

இங்கே எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எனக்கு 15 வயதில் ஆபரேஷன், 1979. அப்போது இந்த ஸ்க்ரூ எல்லாம் இல்லை. ஒரே ஒரு ஸ்டீல் கம்பி, மேலே ஒரு கொக்கி கீழே ஒரு கொக்கி, மேல்முனையில் ஜாக்கியில் இருக்கிற மாதிரி பல் பல்லாக இருக்கும். பல்லுக்குப் பல் ஏற்றி முதுகை நீட்டுவார்கள். அதற்கப்புறம் மாதக்கணக்கில் மார்பிலிருந்து இடுப்பு வரை மாவுக்கட்டு. அந்தக் கட்டுக்குள் அரித்ததை இன்றைக்கும் மறக்கவில்லை.

பத்து வருடம் முன்பு வேறு எதற்கோ மார்பு எக்ஸ்ரே எடுத்தபோது, படம் எடுத்த பையன் முகம் வெளுத்துப்போய் "அம்மா உங்க முதுகுல ஒரு கம்பி உடைஞ்சிருக்கு" என்றான். சரியாக அந்தப் பல் ஆரம்பிக்கிற இடத்தில். எப்போது உடைந்தது என்று எனக்குத் தெரியவே தெரியாது. எலும்பு கல்லாகக் கூடியிருக்கிறது, கம்பிக்கு அங்கே வேலையே இல்லை, விட்டுவிடுங்கள் என்றார்கள். விட்டுவிட்டேன். போன மாதம்கூட எக்ஸ்ரே எடுத்தேன், அப்படியே கிடக்கிறது. தம்பி, உங்கள் அம்மாவுக்கும் இப்படியே இருக்கும் என்று சொல்லவரவில்லை, என்னுடையது சின்ன வயது எலும்பு. உடைந்தது என்ற சொல்லைக் கேட்டு எனக்கு அன்று ராத்திரி முழுக்க உடம்பு நடுங்கியது, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

—

முதுகு டாக்டர் எழுதியது:

அம்மா, நீங்கள் எழுதியதுதான் இந்த விஷயத்தின் வரலாறே. அமெரிக்காவில் டெக்சாஸில் பால் ஹாரிங்டன் என்ற மருத்துவர் போலியோ வந்து முதுகு வளைந்த பிள்ளைகளுக்காக 1950களில் அந்தக் கம்பியைச் செய்ய ஆரம்பித்தார். தொடக்கத்தில் எலும்பைக் கூடவைக்காமல் வெறும் உலோகத்தை மட்டும் வைத்துப் பார்த்தார். கம்பி உடைந்தது, கொக்கி கழன்றது. அதற்குப் பிறகுதான் எலும்பைக் கூடவைப்பதையும் சேர்த்துச் செய்தார்கள். எலும்பு கூடுவதற்கும் உலோகம் உடைவதற்கும் நடுவே ஓட்டப்பந்தயம் என்று இன்றைக்கும் மாணவர்களுக்கு அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறோம். உங்கள் பந்தயத்தில் எலும்பு எப்போதோ ஜெயித்துவிட்டது.

பல் தொடங்கும் இடத்தில் உடைந்தது ஏன் என்று தேய்மானம் சாருக்குச் சொல்லவேண்டியதில்லை.

—

தேய்மானம் எழுதியது:

கம்பியின் குறுக்களவு சட்டென்று மாறுகிற முனை. எங்கள் தொழிலில் முதல் வருடமே கை வைக்கச் சொல்லித்தரும் இடம்.

—

மூத்தமகன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஸ்போக்ஸ் கம்பிக் கதையை அம்மாவிடம் சொன்னேன். அவர் தையல் மெஷின் வைத்திருந்தவர், "ஊசியும் அப்படித்தான், தடிச்ச துணியில ஒடியாது, லேசான ஜாக்கெட் துணியில படக்குனு ஒடியும்" என்றார். அதற்கப்புறம் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வந்தார்.

சி.டி. நேற்று வந்தது. எல்3 - எல்4 நடுவில் எலும்பு கூடவில்லை, மற்ற மட்டங்களில் கூடியிருக்கிறது என்று எழுதியிருக்கிறது. ஸ்க்ரூ எதுவும் ஆடவில்லை. வைட்டமின் டி ரொம்பக் குறைவு. முழு எக்ஸ்ரே எடுக்கும்படி நாங்களே கேட்டோம், எடுத்துக்கொடுத்தார்கள், முதுகு சரிவு பழைய அளவில்தான் இருக்கிறதாம். முதலில் எலும்பைத் தேற்றலாம், அடுத்த மாதம் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம், அநேகமாக மறுபடி திறக்கவேண்டியிருக்கும் என்கிறார் டாக்டர். அதுவரை அம்மா நடக்கலாமா?

—

முதுகு டாக்டர் எழுதியது:

ஒரே ஒரு மட்டம்தான் கூடவில்லை, ஸ்க்ரூ கெட்டியாக இருக்கிறது என்றால் கெட்டதிலும் நல்ல செய்தி. உங்கள் டாக்டர் வேண்டாம் என்று சொல்லாதவரை நடக்கலாம். நடக்காமல் படுத்தால் எலும்பும் சதையும் இன்னும் கரையும். பாரம் தூக்குவது, தரையில் உட்கார்ந்து எழுவது, இடுப்பை முறுக்கித் திரும்புவது வேண்டாம். கீழே விழுந்ததை எடுக்க நீளமான இடுக்கி ஒன்று வாங்கிக்கொடுங்கள். வைட்டமின் டி குறைவைச் சரிசெய்துவிட்டுத் திறப்பதுதான் சரி, அந்த டாக்டர் அவசரப்படாதது எனக்குப் பிடித்திருக்கிறது. எலும்பு அடர்த்தியும் பார்த்துவிட்டார்களா என்று கேளுங்கள். குறைவாக இருந்தால் எலும்பை வளர்க்கும் ஊசி சில மாதம் போட்டுவிட்டுத் திறப்பது உண்டு. கிருமி இருக்கிறதா என்று பார்க்க, திறக்கும்போது உள்ளிருந்து திசு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள், சில கிருமி மெதுவாகத்தான் வளரும் என்பதால் இரண்டு வாரம் வரை வைத்துப் பார்க்கவேண்டும்.

—

தேய்மானம் எழுதியது:

என் பங்குக்கு ஒன்று. ஆபரேஷன் நடந்தால் உடைந்த இரண்டு துண்டையும் கேட்டு வாங்க முடியுமா என்று பாருங்கள். சுத்தப்படுத்தித் தருவார்கள், சரி, ஆனால் உடைந்த முகம் இரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்து வைத்துப் பார்க்கவேண்டாம், யாரையும் பார்க்கவிடவும் வேண்டாம். எல்லோரும் முதலில் செய்வது அதுதான், அந்த உரசலில் விரிசல் எங்கே கிளம்பி எப்படி நகர்ந்தது என்ற கோடுகள் எல்லாம் நசுங்கிப்போகும். தனித்தனியாகப் பஞ்சில் சுற்றி வையுங்கள். உங்கள் அப்பாவின் சந்தேகத்துக்கு அதில்தான் பதில் இருக்கிறது.